பரணில் கிடந்த டிரம்ஸ்: கேட்டவையும் சொன்னவையும்

மாமா வாசித்த டிரம்ஸ் செட் பல வருடம் பரணில் கிடந்து இப்போது என்னிடம் வந்திருக்கிறது. துடைத்துப் பாலிஷ் போடுவதில் தொடங்கலாமா, சார்?

வேண்டாம். பாலிஷ் கடைசி வேலை. கூடு வளைந்துபோன டிரம்மை எவ்வளவு மினுக்கினாலும் அது அலமாரிக்குத்தான் ஆகும்.

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிரம்மின் திருகுகளையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். தோலை இறுக்கிப் பிடிக்கும் வளையம், தோல் எல்லாம் கழற்றியபின் வெறும் மரக்கூட்டைத் தடித்த கண்ணாடி மேல் கவிழ்த்து, உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டு, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். விளிம்பைச் சுற்றி எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே தோல் சரியாக உட்காராது. மயிரிழை அளவு கசிந்தால் கவலையில்லை. விரல் நகம் நுழையும் அளவு என்றால், அந்த டிரம்மை எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது.

அடுத்து, புதுத் தோலை வைத்துப் பாருங்கள். அது தன் எடையிலேயே இறங்க வேண்டும். விரலால் தள்ளினால் சுற்ற வேண்டும். அழுத்தித்தான் இறங்குகிறது என்றால் கூட்டின் வட்டம் கோணியிருக்கலாம், அல்லது மேலே ஒட்டிய உறை தூக்கியிருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பழைய டிரம்கள் பலவற்றில் விளிம்பு உருண்டையாக இருக்கும். அது தேய்மானமல்ல, அப்படியே செய்தார்கள். இன்றைய டிரம்கள்போல 45 டிகிரியில் கூர்மையாகச் சீவிவிட்டால் அந்தக் கனிந்த குரல் திரும்ப வராது.

குரோம் பாகங்களில் துரு. வினிகரில் ஊறப்போடலாமா?

இரும்புத் திருகுகளை மட்டும், சில மணி நேரம். எடுத்த உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். திருகுகள் போய் இறங்கும்படி கூட்டில் பொருத்தியிருக்கும் உலோகப் பிடிகளான லக்குகளை வினிகர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, அமிலம் அரித்துவிடும்.

வளையங்களுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. துரு குழிபறித்த இடத்தில் புள்ளி இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும், வயது தெரிவதில் தவறில்லை.

லக்கைக் கழற்றும்போது உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருந்தால், அதைச் சுற்றி ஒரு துண்டு ஃபெல்ட் திணியுங்கள். பழைய டிரம்மில் எங்கிருந்தோ வரும் கணகணப்புக்குப் பல நேரம் அந்த ஸ்பிரிங்தான் காரணம்.

நான்கு திருகுகள் காணவில்லை. எது கிடைத்தாலும் மாட்டலாமா?

கூடாது. இன்று பரவலாக இருப்பது 12-24 மரை, அதாவது 12 என்பது திருகின் பருமன் எண், அங்குலத்துக்கு 24 சுற்று. பழைய ஐரோப்பிய டிரம்கள் சிலவற்றில் மரை வேறு. இருக்கும் திருகு ஒன்றை மாதிரியாகக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். கையால் சுழலாத திருகைச் சாவி போட்டு முறுக்கினால் லக்கின் மரை போய்விடும்.

தோல் வாங்க வேண்டும். வளையத்தை அளந்தால் போதுமா?

கூட்டின் வெளி விட்டத்தை அளவெடுங்கள். 12, 13, 14, 16, 22 என்று முழு அங்குலத்தில் வந்தால் சிக்கலில்லை. பழைய பிரிட்டிஷ், ஜப்பானியத் தயாரிப்புகள் சில சற்று ஒதுங்கிய அளவில் வரும். அவற்றுக்கு இன்றைய தோல் உட்காராது. 1957 வாக்கில் பாலியஸ்டர் தோல் சந்தைக்கு வரும்வரை கன்றுத்தோல்தான். உங்களுடையது கன்றுத்தோலாக இருந்து இன்னும் கிழியாமல் இருந்தால், எறியாமல் எடுத்துவையுங்கள்.

அடியில் கம்பிகள் ஓடும் டிரம்மான ஸ்னேரின் அடித்தோலும் மேல்தோலும் ஒன்றல்ல. மேல்தோல் சுமார் 0.25 மி.மீ., அடித்தோல் 0.08 மி.மீ.கூட இராது. மாற்றி மாட்டி ஓர் அடி அடித்தால் கதை முடிந்தது.

அண்ணா, எவ்வளவு முறுக்கினாலும் கம்பி இல்லாத டிரம்மான டாம் "டொப்" என்கிறதே தவிர நாதம் வரவில்லை.

ஒரு திருகைக் கடைசிவரை முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து வாருங்கள் தம்பி. முதலில் அத்தனை திருகையும் விரலால் முடிந்த மட்டும். பிறகு சாவியால் அரைச் சுற்று. ஒன்றுக்குப் பின் அதற்கு நேர் எதிரே இருப்பது. தோலில் சுருக்கம் மறையும்வரை இப்படியே. நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டால் பயம் வேண்டாம், ஓரத்துப் பசை இளகுகிறது.

இனிமேல்தான் காதுக்கு வேலை. நடுவில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே குச்சியால் தட்டுங்கள். எங்கே தாழ்ந்து ஒலிக்கிறதோ அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக ஏற்றுங்கள். ஏற்றும்போதெல்லாம் எதிர்த் திருகும் கொஞ்சம் மாறும், அதையும் கேளுங்கள். அடித்தோலையும் இப்படியே சேர்க்க வேண்டும். "டொப்" என்பதற்குப் பெரும்பாலும் பத்து வருடமாக யாரும் தொடாத அடித்தோல்தான் காரணம். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் ஒலி நீண்டு நிற்கும். அடித்தோல் சற்று ஏறியிருந்தால் ஒலி சீக்கிரம் அடங்கும். எது பிடிக்கிறதோ அது.

சிம்பல் தட்டு பச்சை பூத்திருக்கிறது. ஓரத்தில் ஒரு விரிசலும் இருக்கிறது.

மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, அதில் வட்டமாக ஓடும் தடத்தின் திசையில் துடையுங்கள். கடும் பாலிஷ் முத்திரை எழுத்தை அழித்துவிடும். விரிசலின் நுனியில் சின்னத் துளையிட்டால் மேலும் ஓடுவது சிலகாலம் நிற்கும்.

பிரிந்து வரும் முத்துநிற உறையைச் சூடுகாட்டி உரிக்கலாமா?

மிகப் பழைய உறை என்றால் தீயோ சூட்டுத் துப்பாக்கியோ அருகில் வரக்கூடாது. அந்தக் கால செல்லுலாய்டில் நைட்ரேட் வகை உண்டு, பற்றிக்கொள்ளும். தூக்கிய இடத்தில் மட்டும் பசை வைத்துக் கிடுக்கி போட்டு இறுக்குங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்கிறார்களே?

நன்றாகக் கேட்கும். அட்டையும் ஸ்பாஞ்சும் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், சத்தத்தைத் தடுக்காது. அதுவும் காலால் அடிக்கும் பெரிய டிரம்மான பேஸ் டிரம்மின் மிதி, தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்குப் போகிறது. இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பரப்பி, அந்த மேடைமேல் செட்டை வைப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. அதோடு வலைத்தோல், துளையிட்ட சிம்பல் போட்டால் வீட்டில் சண்டை குறையும்.

உங்கள் காதையும் பாருங்கள். 85 டெசிபல் சத்தத்தைக் காது நாளுக்கு 8 மணி நேரம் தாங்கும் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணிதான். மூடிய அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதாகத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் உட்காராதீர்கள்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எதில் தொடங்குவது?

இருக்கையில். தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரியும் உயரம் வையுங்கள், இடுப்பு தப்பும். பிறகு காலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டில் ஒரே சீராக எட்டு அடி. ஒன்றிலும் ஐந்திலும் பேஸ், மூன்றிலும் ஏழிலும் ஸ்னேர். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, சலிக்கும்வரை. வேகம் கேட்காமலே வரும்.

எல்லாம் முடிந்தது. ஆனால் டாமை அடித்தால் தொடாத ஸ்னேரும் சேர்ந்து கிரகிரக்கிறது.

டாமின் சுருதிக்கு ஸ்னேரின் அடித்தோல் அதிர்கிறது, கம்பிகள் அதோடு சேர்ந்து ஆடுகின்றன. டாமைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், பாதி போய்விடும். கம்பியை இறுக்கி அடக்கப் பார்த்தால் ஸ்னேர் மூச்சுத் திணறும். மீதிப் பாதியோடு வாசியுங்கள். மற்றவர்களும் சேர்ந்து வாசிக்கும்போது அது யார் காதிலும் விழாது.