கிழிஞ்ச ஜீன்ஸும் தளை தட்டின வெண்பாவும்

கேள்வி: ஃபேஷன் பைத்தியம் புடிச்சு அரியரோட சுத்துற காலேஜ் பையனைப் பத்தி நக்கலா அஞ்சு வெண்பா எழுதி அனுப்பினேன். மாசக்கணக்காச்சு, போடவே இல்ல. நக்கல்னா உங்க பத்திரிகைக்கு ஆகாதா? (ரிடையர்டு வாசகர், போடி)

பதில்: நக்கல் ஆகாதுன்னா இந்தப் பக்கத்தையே இழுத்து மூடியிருப்பேனே சார். உங்க பாட்டுல நக்கல் எங்க இருக்குன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன். ஆரம்பமே "கிழிஞ்ச ஜீன்ஸு", அங்கயே தளை தட்டுது, அதாவது ஒரு சீரும் அடுத்த சீரும் சேருற கட்டு அறுந்து போகுது. "கிழிஞ்ச" மாச்சீர், அதுக்கு அப்புறம் நிரை ("கிழி" மாதிரி ரெட்டை அசை) வரணும், உங்க ஜீன்ஸு நேர்ல ("ஜீன்"னு ஒத்தை அசை) வந்து நிக்குது. சரி, அத விடுங்க. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்புங்கிற நாலு ஓசையில ஏதாவது ஒண்ணுல முடியணும், நீங்க அஞ்சு பாட்டையும் "பண்பாடே!"ன்னு ஆச்சரியக்குறியில முடிச்சிருக்கீங்க. இது வெண்பா இல்ல, வாசல்ல நின்னு அப்பா போடுற சத்தம்.

அப்புறம் 1970கள்ல காலேஜ் படிச்சேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ பெல்பாட்டம் போட்டு தெருவக் கூட்டிக்கிட்டு, காது மூடுற ஸ்டெப் கட்டிங்கோட போனவங்கள்ல நீங்க இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுவீங்களா? (ஃபோட்டோ இருந்தா அனுப்புங்க, அத கண்டிப்பா போடுறேன்.)

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையோட மருமக்கள்வழி மான்மியத்த (சொத்து மகனுக்குப் போகாம மருமகனுக்குப் போற வழக்கத்த நக்கலடிக்கிற பாட்டுக் கதை) எடுத்துப் பாருங்க, அதுல கவிஞர் வந்து திட்டல, காரணவரோட, அதாவது குடும்பத் தலைவரோட, அஞ்சாவது பொண்டாட்டி தன் கதைய சொல்லிக்கிட்டே போறா, அந்தாளு மானம் தானா கப்பலேறுது. நீங்களும் பையனையே பேச விடுங்க, முட்டாள்தனம் அவன் வாயாலயே வரட்டும். சும்மா ஒரு சாம்பிளுக்கு, ரெண்டே அடியில குறள் வெண்பாவா:

கிழிஞ்சதுக்குக் காசதிகம் கேளம்மா அப்பா
கிழியாத வேட்டிக்கேன் காசு

ரெண்டாயிரம் மூவாயிரம் குடுத்து ஓட்டைய வாங்கிட்டு வந்து அவன் பேசுற லாஜிக் இதுதான், இதுக்கு மேல நாம எதுக்கு பண்பாட்ட இழுக்கணும்?

உங்க நாலாவது பாட்டு மட்டும் வேற மாதிரி. வைவால (வாய்மொழித் தேர்வு) வெளியில இருந்து வந்த எக்ஸ்டர்னல் கேள்வி கேக்குறாரு, பையன் யோசிக்கிற மாதிரி தலையக் குனிஞ்சு, மேஜை கண்ணாடியில முடிய சரி பண்ணிக்கிறான் பாருங்க, படிச்சிட்டு ஆபீஸ்ல மூணு பேர் சிரிச்சோம். அந்த ஒண்ண மட்டும் தளை சரி பண்ணி, கடைசி "பண்பாடே"வ எடுத்துட்டு திருப்பி அனுப்புங்க. மத்த நாலும் ஃபைல்லயே இருக்கட்டும்.