எதுவும் நடக்காத விமானப் பயணத்தில் காக்பிட்டில் உட்கார்ந்து எதைக் கவனிக்கிறார்கள்?

"ஒழுங்காகப் போய் இறங்கும் விமானத்தில்கூட, காக்பிட்டில் பின்னால் ஒருவர் உட்கார்ந்து விமானிகளின் தவறுகளை எழுதுவாராமே? இது வேவு பார்ப்பதில்லையா? விபத்துகளை ஆராய்ந்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கவனிக்கப்பட்ட கோ-பைலட்டாக, சில ஆண்டுகள் கழித்து, விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டில் கவனிப்பவராக. முதல் நாள் எனக்கும் உங்கள் சந்தேகம்தான் இருந்தது. என் கேப்டன் "இன்றைக்கு நாம் நல்ல பிள்ளைகள்" என்று என் காதருகே சொல்லிவிட்டுத்தான் சீட்டில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் அப்படித்தான் இருந்தோம். அப்புறம் முன்னால் இடிமேகம், ரேடியோவில் ஓயாத பேச்சு. பின்னால் ஒருவர் இருப்பதே மறந்துபோயிற்று.

இப்படி அன்றாடப் பறத்தலைக் கவனித்து எழுதும் முறைக்கு லோசா (Line Operations Safety Audit) என்று பெயர். 1990களில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெல்ம்ரைக் என்ற உளவியல் பேராசிரியரின் குழு உருவாக்கியது. காக்பிட்டில் விமானிகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் முதலில் போனார்கள். 1996இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் செய்தபோது, அச்சுறுத்தல், பிழை, இரண்டையும் சமாளிக்கும் விதம் என்று முழு வடிவம் எடுத்தது. 2002இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. ஏ.டி.சி. எனப்படும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் இதே போன்ற ஒரு முறை பின்னால் வந்தது.

ஏற்கெனவே விமானிகளுக்குச் சோதனைகள் இல்லையா என்றால், நிறைய உண்டு. ஆனால் லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தோடு ஓட்டும் நாளில் தெரிவது, விருந்தாளி வரும் நாளில் வீடு இருக்கும் லட்சணம். மற்ற நாட்களில் வீடு எப்படி இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, எதைக் கவனிக்கிறார்கள்? அச்சுறுத்தல் என்பது விமானிகள் உண்டாக்காதது, வெளியிலிருந்து வருவது: மோசமான வானிலை, சுற்றிலும் மலை, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு விமானங்களின் அழைப்புப் பெயர், கடைசி நிமிடத்தில் வரும் எடைக் கணக்குத் தாள். பிழை என்பது விமானிகள் செய்வது. பிழையைக் கவனிக்காமல் விட்டால் விமானம் இருக்கக்கூடாத உயரத்திலோ வேகத்திலோ இடத்திலோ போய் நிற்கலாம். அதுவரை போனாலும் மீட்க வழி உண்டு.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இறங்கிக்கொண்டிருக்கிறோம். ஏ.டி.சி. திடீரென்று ரன்வேயை மாற்றுகிறது. கோ-பைலட் குனிந்து, கம்ப்யூட்டரில் புதிய அப்ரோச்சை, அதாவது அந்த ரன்வேயை நெருங்கும் வழியை, ஏற்றிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து 5,000 அடிக்கு இறங்கச் சொல்கிறார்கள். கேப்டன் ரேடியோவில் 5,000 என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, விமானம் இறங்க வேண்டிய உயரமாகக் கையால் 4,000 வைத்துவிட்டார். வைத்த எண்ணை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. பார்க்க வேண்டியவர் குனிந்திருந்தார். 6,500 அடியைத் தாண்டும்போது நிமிர்ந்தவர், முதல் வேலையாக உயரம் காட்டும் கட்டத்தைப் பார்த்து, "ஐயாயிரம்தானே சொன்னாங்க, கேப்டன்?" என்றார். கேப்டன் திருத்தினார். பத்து நிமிடத்தில் தரையிறங்கினோம்.

இது எங்கே பதிவாகும்? விமானம் எந்த வரம்பையும் மீறவில்லை, அதனால் ஃபிளைட் டேட்டா ரெக்கார்டரில் தேடினாலும் ஒரு குறையும் தெரியாது. விமானிகள் தாமாக அறிக்கை எழுதும் அளவுக்குப் பெரிதும் இல்லை. இரவு தூங்கப் போவதற்குள் இருவரும் மறந்திருப்பார்கள். என் தாளில் மட்டும் முக்கால் பக்கம் இருந்தது. அதில் கேப்டனின் விரல் பிசகியது எனக்குச் சின்ன விஷயம், விரல் எல்லோருக்கும் பிசகும். ரன்வே மாற்றம் அந்தக் கட்டத்தில் வந்தால் ஒருவர் குனிந்தே ஆக வேண்டியிருக்கிறது, மற்றவரைச் சரிபார்க்க ஆள் இல்லை என்பதுதான் செய்தி. நிமிர்ந்தவுடன் உயரத்தைப் பார்க்கும் அந்தக் கோ-பைலட்டின் பழக்கம் இன்னொரு செய்தி. வேறு வேறு குழுக்களின் தாள்களில் இதே கதை வந்தால், யாரையும் திட்ட வேண்டியதில்லை. இவ்வளவு தாமதமாக ரன்வேயை மாற்றாதீர்கள் என்று ஏ.டி.சி.யோடு பேசலாம், கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை எப்போது செய்வது என்ற நடைமுறையை மாற்றலாம்.

விபத்து விசாரணை தேவையில்லை என்று சொல்லவில்லை. 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் ஓர் ஓடுதளத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகுதான் ரேடியோவில் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை எப்போது சொல்லலாம் என்பதையே இறுக்கினார்கள். ஆனால் விசாரணைக்கு வருவது எல்லாத் தடுப்பும் உடைந்த நாள் மட்டும். அதே குழப்பம் வந்து, யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்த்ததால் தப்பித்த நாட்களுக்கு விசாரணைக் கமிஷன் கிடையாது.

வேவா என்ற கேள்விக்கு வருகிறேன். நிர்வாகமும் விமானிகள் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் இது தொடங்கும். ஏறும் முன் விமானிகளிடம் அனுமதி கேட்பார்கள், வேண்டாம் என்றால் இறங்கிவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. தாளில் பெயர், விமான எண், தேதி எதுவும் இருக்காது. கவனிப்பவர்களில் பெரும்பாலோர் அதே நிறுவனத்தில் தினமும் பறக்கும் விமானிகள். முடிவுகளைக் கடைசியில் எல்லா விமானிகளுக்கும் சொல்லியாக வேண்டும்.

இதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது எழுதுவதுதான். பயிற்சியில் என் முதல் தாளில் "கேப்டன் அலட்சியமாக இருந்தார்" என்று எழுதியிருந்தேன். பயிற்சியாளர் அதை அடித்துவிட்டு, "அலட்சியம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணால் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், நான் பார்த்தது அவர் செக்லிஸ்ட்டைக் கையில் எடுக்காமல் மனப்பாடமாகச் சொன்னதை. அதை எழுதினேன். பிறகு மற்றவர்களின் தாள்களிலும் அதே செக்லிஸ்ட், அதே மனப்பாடம். ஒருவர் செய்தால் அவர் பழக்கம் எனலாம். பலர் செய்கிறார்கள் என்றால் செக்லிஸ்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். எங்கள் விஷயத்தில் அது ரேடியோ அழைப்புகள் குவியும் நேரத்தில் வந்து விழுந்திருந்தது.

இன்னொரு தடவை, விமானி ஓர் உயரத்தைக் குரல் கொடுத்துச் சொல்லவில்லை என்று பிழையாகக் குறித்திருந்தேன். எல்லாத் தாள்களையும் நிறுவனத்தின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் நடக்கும். அங்கே கையேட்டைப் புரட்டினால், அப்படிச் சொல்ல வேண்டும் என்று விதியே இல்லை! நான் முன்பு வேலை பார்த்த இடத்தின் வழக்கத்தை இங்கே தேடியிருக்கிறேன். அடித்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

அதே கூட்டத்தில் ஓர் அதிகாரி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு "இது யாருடைய ஃபிளைட்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எங்கள் தலைமைக் கவனிப்பாளர் பதில் சொல்லாமல் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி ஃபைலில் வைத்தார். அங்கே ஒரு பெயர் வெளியே வந்திருந்தால், அடுத்த மாதம் ஜம்ப் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் முன்னால் இரண்டு நல்ல பிள்ளைகள்தான் இருந்திருப்பார்கள்.

விமானம் ஆபத்தை நோக்கிப் போனாலும் பேசாமல் எழுதிக்கொண்டிருப்பீர்களா என்றும் பலர் கேட்பார்கள். மாட்டோம். சாதாரணமாக வாய் திறக்கக்கூடாது. ஆனால் முன்னால் இருக்கும் இருவருமே பார்க்காத ஆபத்து என்றால் பேச வேண்டும், அப்படித்தான் பயிற்சி. நான் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறேன். இரவில் தரையிறங்கி, நிறுத்துமிடத்தை நோக்கித் தரையில் டாக்ஸி செய்துகொண்டிருந்தோம். இருவரும் நிறுத்துமிட எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இன்னொரு ரன்வேக்கு முன்னால் நிற்க வேண்டிய கோடு நெருங்கிக்கொண்டிருந்தது. "ஸ்டாப்" என்றேன். கேப்டன் பிரேக்கை மிதித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றோம்.

அந்தத் தாளில், பிழையைப் பிடித்தவர் யார் என்ற இடத்தில் 'கவனிப்பவர்' என்று எழுதிக் கொடுத்தேன்.