சஃபாரியும் கோயிலும் ஒரே பயணத்தில்: யாலாவை விடுங்கள், குளத்தங்கரைக்குப் போங்கள்

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் குடும்பத்தோடு ஒரு வாரம் இலங்கை போகிறோம். பிள்ளைகளுக்கு சஃபாரி வேண்டும், அப்பா அம்மாவுக்குக் கோயிலும் பழைய இடங்களும் வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க முடியுமா? யாலா போயே ஆக வேண்டுமா?

தாராளமாக அடக்கலாம். தெற்கில் இருக்கும் யாலா பூங்கா வேண்டாம், ஹபரணைப் பக்கத்து மின்னேரியா பூங்காவுக்குப் போங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம், மற்றவர்கள் உட்காருங்கள்.

இந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் பேச்சை எடுத்திருப்பீர்கள். “யானை பார்க்கவா இலங்கைக்குப் போறே? முதுமலையில் இல்லாத யானையா?” என்று யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் என் அண்ணன் கேட்டான், அதுவும் குடும்ப வாட்ஸப் குழுவில், எல்லா மாமா அத்தைகளும் பார்க்கும்படி. நான் இத்தனை நீளமாக எழுதுவதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

முதுமலையைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பிடித்த காடு அது. ஆனால் அங்கே யானை பார்ப்பது என்றால் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, ஒரு காது, பிறகு ஒன்றுமில்லை. “பார்த்தியா, பார்த்தியா” என்று கேட்டு முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். மின்னேரியாவில் மறைவே கிடையாது. வற்றிய குளத்தின் படுகை முழுக்கப் புல், அதன் மேல் கூட்டம் கூட்டமாக யானைகள். நல்ல ஆண்டில் இருநூறு, முந்நூறு வரை சேரும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவை ஏன் அங்கே கூடுகின்றன என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மின்னேரியா இயற்கை ஏரி அல்ல. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மகாசேனன் என்ற அரசன் வெட்டுவித்த பாசனக் குளம். சிறுபோக நெல்லுக்கு மதகைத் திறந்துவிட, மழையும் இல்லாமல் இருக்க, ஜூலை வாக்கில் தண்ணீர் இறங்குகிறது. தண்ணீர் இறங்கிய ஈர மண்ணில் இளம்புல் முளைக்கிறது. சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில் பச்சை இருக்கிற இடம் அதுதான், யானை வருகிறது. நீங்கள் பார்க்கப் போகும் காட்டுக் காட்சியே ஒரு ராஜா கட்டிய கரையால் வந்தது. பிள்ளைகளுக்குக் காடு, பெற்றோருக்கு வரலாறு என்று நாள்களைப் பங்கு பிரித்து ஓடாதீர்கள். இந்தப் பகுதியில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

தங்குவதற்கு ஹபரணை அல்லது பாறைக் கோட்டை இருக்கும் சிகிரியாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெட்டியைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டாம். ஹபரணையிலிருந்து பழைய தலைநகரான பொலன்னறுவைக்குப் போகும் சாலையில்தான் மின்னேரியா இருக்கிறது. குகைக் கோயில் இருக்கும் தம்புள்ளையும் பக்கம்தான். காலையில் கல், மாலையில் யானை. வெயில் ஏறுவதற்குள் கோயிலையும் கோட்டையையும் முடித்துவிட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மூன்று மணி வாக்கில் ஜீப் ஏறினால் போதும். நடுப்பகலில் யானைகளும் நிழலில்தான் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘ஆகஸ்ட், செப்டம்பரில் யானைக் கூட்டம் நிச்சயம்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் செயல்பாட்டுக்கு வந்த பிறகு மின்னேரியாவுக்கு வறட்சிக் காலத்திலும் தண்ணீர் வருகிறது. குளம் நிரம்பி நின்றால் புல் தண்ணீருக்கு அடியில் போய்விடும், யானை வேறு இடம் தேடும். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் யானைக்கும் அந்த இரண்டு மூன்று மாதம்தான் வயிறு நிறையும் காலம். காய்ந்த காட்டை விட்டு அது வயலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் தீவில் கடந்த சில ஆண்டுகளாக ஆண்டுக்கு ஏறத்தாழ நானூறு யானைகள் சாகின்றன, மனிதர்களும் சாகிறார்கள்.

அதனால் இங்கிருந்தே ‘மின்னேரியா சஃபாரி’ என்று முன்பணம் கட்டிவிடாதீர்கள். பக்கத்திலேயே கவுடுல்ல பூங்கா இருக்கிறது, ஹுருலு காடு இருக்கிறது. கூட்டம் இவற்றுக்குள் மாறி மாறி நடமாடும். இன்றைக்கு யானை எங்கே என்று ஹபரணை ஜீப்காரர்களுக்கு மதியமே தெரிந்துவிடும். அன்றன்றைக்குக் கேட்டு, எந்தப் பூங்கா என்று முடிவு செய்யுங்கள்.

இனி என் கதை. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான். பொலன்னறுவைக்குப் போன அன்று எங்களோடு வந்தவர் வண்டியும் ஓட்டி, வழிகாட்டியாகவும் இருந்தவர். நல்ல மனிதர். அரண்மனை, வட்டதாகே என்ற வட்ட வடிவப் பௌத்தக் கோயில் எல்லாம் பொறுமையாகக் காட்டினார். பராக்கிரமபாகு என்ற அரசனைப் பற்றிச் சொல்லும்போது சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசுவது போல ஒரு பெருமை. ஆனால் பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் இருக்கும் கல் விகாரையைப் பார்த்து முடித்ததும் கிளம்பலாம் என்றார். நான் இரண்டாம் சிவ தேவாலயம் எங்கே என்று கேட்டேன். “ஒன்று பார்த்துட்டோமே மிஸ், அதுவும் அதே மாதிரிதான்” என்றார். அவர் போக நினைத்த இடம் ஒரு மரச்சிற்பக் கடை. அந்த வழியில் எல்லா வண்டிகளும் அங்கே நிற்கின்றன, ஏன் நிற்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

நான் விடவில்லை. அதே மாதிரி என்றது எனக்கு உறுத்தியது. முதலாவது பாண்டியர் பாணியில் பிற்காலத்தில் எழுந்தது. இரண்டாவது சோழர் கட்டியது. 993இல் ராஜராஜன் படை அனுராதபுரத்தைச் சிதைத்த பிறகு சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக வைத்து, ஜனநாதமங்கலம் என்று பெயரும் சூட்டினார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டும் வரை அது அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்துக் கோயில் இது. வானவன் மாதேவி ஈச்சரம், ராஜராஜனின் அரசி பெயரால். விகாரைகள் பல செங்கல் தூணும் பாதிச் சுவருமாக நிற்கும் ஊரில் இது மட்டும் அடியிலிருந்து உச்சி வரை கல்லாக, முழுசாக நிற்கிறது. உடனே “சோழப் பெருமை” என்று கிளம்ப வேண்டாம். ஒரு ஊரைப் பாழாக்கியவர்கள் இன்னொரு ஊரில் கட்டிய கோயில் அது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சின்னக் கோயில்தான். மூலைகளில் நந்திகள் உட்கார்ந்திருக்கும், உள்ளே லிங்கம். அப்பா பேச்சே இல்லாமல் அடிப்பகுதிக் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். தமிழ்க் கல்வெட்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலைத் தொடாமல் எழுத்தின் மேலேயே ஓட்டி, “இது ட, இல்ல, ப... இது க மாதிரி இருக்கே” என்று ஒவ்வொன்றாகத் தேடினார். முழுசாக ஒரு வார்த்தை கூடத் தேறவில்லை. ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை. அம்மா லிங்கத்தின் முன்னால் நின்று மெல்லத் தேவாரம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வழிகாட்டி வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஜீப். படுகைக்குள் இறங்கியதுமே அண்ணன் மகள் கேட்டாள், “அத்தை, எல்லாமே பொம்பளை யானையா? ஒண்ணுக்குமே தந்தம் இல்ல.” நல்ல கேள்வி. நம் பக்கத்து ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் உண்டு. இலங்கையில் தலைகீழ், பத்தில் ஒன்றுக்குக் கூடத் தேறாது. அதனால் தந்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று அங்கே சொல்ல முடியாது, தலை வடிவத்தையும் உடம்பையும் பார்க்க வேண்டும்.

புல் தின்பதைப் பார்க்க வேண்டும் நீங்கள். முன்காலின் நகத்தால் புல்லின் அடியைக் கீறி உதைக்கிறது. துதிக்கையால் ஒரு கொத்தாகச் சுருட்டி எடுக்கிறது. நேராக வாய்க்குப் போகாது. மண் உதிரும் வரை அந்தக் கொத்தை முழங்காலில் தட்டித் தட்டி அடித்துவிட்டுத்தான் உள்ளே போகும். ஒரு குட்டி அதே மாதிரி செய்யப் பார்த்து, தட்டும்போதே எல்லாவற்றையும் சிந்திவிட்டு, தாயின் வாயிலிருந்து பிடுங்கித் தின்றது.

அண்ணனுக்கு இதெல்லாம் போதவில்லை. “சிறுத்தை வருமா அண்ணே?” என்று ஜீப்காரரிடம் கேட்டான். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். “யாலா போங்க சார். சிறுத்தையும் பாக்கலாம், நூறு ஜீப்பும் பாக்கலாம்” என்றார். பிறகு எங்கேயோ கொம்பன் ஒன்று தென்பட, சுற்றியிருந்த வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் பாய்ந்தன. “கிட்டப் போகவா மிஸ்?” “வேண்டாம் அண்ணா, இங்கயே நிறுத்துங்க, இன்ஜினை அணைச்சுடுங்க.” அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கொம்பனை நாலு பக்கமும் ஜீப் மறித்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். காதை விரித்து இரண்டு அடி முன்னால் வந்தது, ஒரு வண்டி பதறிப் பின்வாங்கியது. ஏறுவதற்கு முன்பே ‘கிட்டப் போக வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், கிட்டப் போனால்தான் நமக்குத் திருப்தி என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு டிக்கெட், விசா, ஹோட்டல், அப்பாவின் மாத்திரைச் சீட்டு, அண்ணன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நினைவூட்டியது வரை எல்லாம் நான். செலவில் சரிபாதி நான். திரும்பி வந்ததும் அம்மா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் “பையன் எங்களை சிலோன் கூட்டிட்டுப் போனான்” என்றாள். பக்கத்தில்தான் நின்றேன். கேட்டால், “உன்னைச் சொல்லலைன்னா என்ன, நீ எங்க வீட்டுப் பொண்ணுதானே” என்கிறாள். அவன் என்ன, பக்கத்து வீட்டுப் பையனா? பெண் பிள்ளைகள் பெற்றோரைக் கூட்டிப் போனால் அது ‘கூட வந்தாள்’ ஆகிவிடுகிறது. அண்ணனும் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாலாக்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் ஒன்று. உங்கள் அம்மாவோ அப்பாவோ முருக பக்தர் என்றால் என் திட்டத்தையே தூக்கிப் போடுங்கள். கதிர்காமம் யாலாவுக்குப் பக்கம், அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் தெற்கையும் சிகிரியாவையும் ஒரே வாரத்தில் பிள்ளைகளோடு சேர்க்காதீர்கள், ஒரு முழு நாள் சாலையிலேயே போய்விடும். இன்னொன்று, யாலாவின் முக்கியப் பகுதியை வறட்சிக்காக வழக்கமாக செப்டம்பரில் மூடுவார்கள். உங்கள் பயணம் அந்த விளிம்பில் இருக்கிறது, போவதென்றால் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். சிறுத்தை பார்த்தே தீருவேன் என்பவர்கள் அனுராதபுரத்தைச் சேர்த்துக்கொண்டு வில்பத்து பூங்காவுக்குப் போகலாம். கூட்டம் குறைவு, கண்ணில் படும் வாய்ப்பும் கொஞ்சம் குறைவு.

சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படி. முழங்கால் வலி உள்ளவர்களை உச்சிக்கு இழுக்காதீர்கள். கீழே காசியப்பன் என்ற அரசன் காலத்து நீர்த்தோட்டங்களே அரைக் காலைப் பொழுதுக்குப் போதும். அந்த ஐந்தாம் நூற்றாண்டு நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீய்ச்சுகின்றன, ஆகஸ்டில் பார்க்கக் கிடைக்காது. ஏறுகிறவர்கள் திறந்தவுடன் ஏறிவிடுங்கள்.

கட்டணம் எவ்வளவு என்று எழுத மாட்டேன், அடிக்கடி மாறுகிறது. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு, அதற்கு அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பூங்காவில் ஆளுக்கு நுழைவுச் சீட்டு, வண்டிக்குத் தனி, சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேரும். ஜீப்காரர் சொல்லும் தொகையில் இவை அடங்குமா என்று ஏறுவதற்கு முன் கேளுங்கள்.

பொலன்னறுவையில் எல்லாப் புனித இடத்திலும் செருப்பைக் கழற்ற வேண்டும், பத்து மணிக்கே கல் பொரியும். ஆளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ் எடுத்துப் போங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருட்டிய பிறகு ஹபரணைப் பக்கத்துச் சாலைகளில் வண்டியை ஓட்டச் சொல்லாதீர்கள், யானை குறுக்கே வரும். ஹபரணையில் யானைச் சவாரிக்கும் கூப்பிடுவார்கள். முதுகில் ஏறுவதற்காக நாம் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஒரு வாரத்தில் நாலு இரவு ஹபரணைக்குக் கொடுங்கள், மீதியைக் கண்டிக்கு. அங்கே நடக்கும் பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழா ஆகஸ்ட் பௌர்ணமியோடு முடிந்துவிடும். உங்கள் தேதி அதற்குள் விழுந்தால் கண்டியில் அறையை இன்றைக்கே பதிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு என்றால் அவசரமே இல்லை.