தூரை எடுக்காமல் வேலிக்கருவை போகாது

கேள்வி: அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீகத் தோட்டம் இருக்கிறது. அப்பா போனபிறகு பார்க்க ஆளில்லாமல் முழுக்க வேலிக்கருவை (சீமைக் கருவேல்) மண்டி, கிணற்றுக்குப் போகும் தடம்கூடத் தெரியவில்லை. கரிமூட்டம் போடுகிறவர் சும்மாவே வெட்டித் தருகிறேன் என்கிறார். தம்பி ஜேசிபி வைக்கலாம் என்கிறான். பக்கத்துத் தோட்டக்காரர், வெட்டிய இடத்தில் உப்பைக் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார். எதைச் செய்ய? (வாசகி, மதுரை)

பதில்: முதலில் கரிக்காரர் விஷயம். அவர் விறகை எடுத்துக்கொண்டு போகிறார், அதற்கு விலை உண்டு. நல்ல பருமனான மரங்கள் இருந்தால் அவர்தான் உங்களுக்குப் பணம் தரவேண்டும், அதனால் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். ஆனால் பணத்தைவிட முக்கியம், தூரை, அதாவது வேரோடு சேர்ந்த அடிக்கட்டையை, யார் எடுப்பது என்பது. தரைக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு அவர் கிளம்பிவிட்டால், அடுத்த மழைக்கு ஒவ்வொரு தூரிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, இப்போது இருப்பதைவிட அடர்த்தியான புதராக வந்து நிற்கும். இந்த மரம் மறுபடி துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே உறங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கழுத்தோடு வெளியே எடுத்துவிட்டால், கீழே ஆழத்தில் கிடக்கும் வேர் பெரும்பாலும் தானாக மட்கிப்போகும். சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி அதற்குக் கீழே வெட்டவேண்டும். தூரும் நல்ல கரியாகும் என்பதால் கரிக்காரர் ஒப்புக்கொள்ள வாய்ப்புண்டு. விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, தூரோடு எடுத்துத் தரவேண்டும் என்று முதல் வெட்டு விழுமுன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி சொல்வதும் சரிதான், பெரிய தூர்களுக்கு ஜேசிபி நல்லது. ஆனால் உங்களுடையது கரிசல் என்றால் நாள் பார்க்கவேண்டும். கோடையில் பாறை மாதிரி இறுகி தூர் பாதியில் முறியும், அடைமழையில் வண்டியே இறங்கி மாட்டிக்கொள்ளும். கோடையில் மேலே வெட்டிக் காலி செய்துவிட்டு, ஐப்பசி மழை விழுந்து ஓரளவு வடிந்து மண் பதமாக இருக்கும்போது தூரை எடுங்கள். அன்றைக்கு வீட்டு ஆள் ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். பக்கெட்டால் நெட்டித் தள்ளி, தரைமட்டத்தில் முறித்து, மேலே மண்ணை இழுத்துச் சமன் செய்துவிட்டால் சாயங்காலம் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். வெளியே வந்த தூரைப் புரட்டிப் பாருங்கள். கணுக்கணுவாகப் புடைத்த கழுத்தும் அதற்குக் கீழே பிரியும் வேர்களும் சேர்ந்து வந்திருந்தால் சரி, பிய்ந்த நாரோடு முறிந்த கட்டை மட்டும் வந்திருந்தால் பாதி உள்ளே இருக்கிறது, திரும்பவும் தோண்டச் சொல்லுங்கள். கிணற்றோரம் மட்டும் இயந்திரம் வேண்டாம், ஆள் வைத்துக் கடப்பாரையால் எடுங்கள்.

உப்பு, மண்ணெண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம். உப்பு மரத்தைவிட மண்ணைத்தான் கெடுக்கும், அதுவும் கிணற்றுக்குப் பக்கத்தில். தூரின் மேல் தீ மூட்டினாலும் மண்ணுக்குள் இருக்கிற மொட்டு பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. அந்தப் புதருக்குள் நாட்டுக் கருவேலோ குடைவேலோ இருக்கலாம், எல்லாம் முள்மரம்தானே என்று ஆட்கள் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை, காய் ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகி மணிமாலை போல இருக்கும். வேலிக்கருவையின் பூ விரல் நீளக் கதிர், காய் வெளிறிய மஞ்சளில் பட்டையாக நீண்டு தொங்கும். நம்முடைய மரங்களில் முன்கூட்டியே துணி கட்டி வைத்துவிடுங்கள், அவை நிற்கட்டும்.

அப்புறம் விதை. பல வருஷத்து நெற்று உதிர்ந்து மண்ணில் கிடக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். ஈரத்தோடு சிறு கன்றாகப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும், ஒரு வருஷம் விட்டால் மறுபடி கடப்பாரைதான். ஆடு மாடு நெற்றைத் தின்றால் விதை சாணத்திலும் புழுக்கையிலும் முழுசாக வெளியே வந்து முளைக்கிறது. அதனால் ஆட்டுக்கிடை போட்டீர்களானால் அடுத்த மழைக்குப் பிறகு ஒரு சுற்று கட்டாயம் பார்த்துவாருங்கள். நிலத்தைச் சும்மா போடாதீர்கள். உழுது கொழிஞ்சியோ சணப்போ விதையுங்கள், ஓரங்களில் வேம்பும் புங்கனும் வையுங்கள். நல்ல நிழலில் வேலிக்கருவைக் கன்று தேறாது.

கேள்வி: சீமைக் கருவேல் நின்ற மண் விஷமாகிவிடும், காற்றிலுள்ள ஈரத்தைக்கூட உறிஞ்சிவிடும் என்கிறார்களே, அங்கே ஏதாவது விளையுமா? (வாசகர், முதுகுளத்தூர்)

பதில்: தாராளமாக விளையும். இது அவரை, துவரைக் குடும்பத்து மரம், வேர் முடிச்சுகள் வழியாகத் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. உதிர்ந்த இலைச்சருகு மற்றச் செடிகள் முளைப்பதைத் தடுக்கும் என்பது உண்மை, அதற்குச் சருகை வாரி, உழுது, ஒரு மழை காணவிட்டால் போதும். வேர் ஆழமாகப் போய்த் தண்ணீர் எடுப்பதும் உண்மை. காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வறண்ட சீமைக்கு விறகாகட்டும் என்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் இது. இன்றும் ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ வீட்டு அடுப்பும் கரிமூட்டத் தொழிலும் இதை நம்பி இருக்கின்றன. உங்கள் பட்டா நிலத்தில் எடுங்கள். கண்மாய்க்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருப்பது உங்களுடையதல்ல, ஊராட்சியில் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

கேள்வி: வெட்டும்போது முள் குத்தி ஒடிந்து உள்ளேயே இருக்கிறது, கால் வீங்கிவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டால் போதுமா? (வாசகர், சாயல்குடி)

பதில்: போதாது. முனை உள்ளே இருக்கும்வரை வீக்கம் வற்றாது, சீழ் வைக்கும். இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முள்ளை எடுத்து, டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டிருந்தால் தேய்க்காமல், கண்ணுக்குள் எதையும் ஊற்றாமல் நேராகக் கண் மருத்துவரிடம் போகவேண்டும். இனி இறங்கும்போது கனமான ஷூ, கண்ணாடி, கையில் நீளமான கவைக்கம்பு. கிளையைக் கையால் இழுக்காமல் கம்பால் அழுத்திப் பிடித்து வெட்டுங்கள். அடியில் விரியன் கிடக்கும், முதலில் கம்பால் தட்டி ஓசை எழுப்பிவிட்டு அப்புறம் காலை வையுங்கள்.