கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கு ஏற்ற பொதுநிலத்தை எப்படித் தேடுவது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பொதுநிலத்துக்கு, அதாவது அரசுக்குச் சொந்தமான நிலத்துக்கு, குறைவில்லை. வைட் ரிவர் தேசிய வனம் மட்டுமே ஏறத்தாழ 23 லட்சம் ஏக்கர். எனவே மாநில வனவிலங்குத் துறை வேட்டைப் பிரிவுவாரியாக (வேட்டைக்காக மாநிலத்தை வகுத்த பகுதிகள்) ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரங்களில், எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேருக்கு மான் கிடைத்தது என்பதைச் சில ஆண்டுகளுக்கு ஒப்பிட்டு, இரண்டு மூன்று பிரிவுகளாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். வெற்றி விகிதத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். அந்த மான்களில் பல தனியார் பண்ணைகளில் சுடப்பட்டவையாக இருக்கக்கூடும்.

பிறகு அமெரிக்க வனச் சேவை இலவசமாகத் தரும் வாகனப் பாதை வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். எல்க் மான்கள் வண்டிப் போக்குவரத்தை விட்டு விலகுபவை என்பதால், சாலையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால், வடக்கு நோக்கிய சரிவில் அடர்ந்த ஊசியிலைக் காடும் அதையொட்டிப் புல்வெளியும் நீரும் அமைந்த இடமே என் முதல் தேர்வு. அவை விடியலிலும் அந்தியிலும் மேய்ந்துவிட்டு, பகலில் அந்த நிழலில் படுத்திருக்கும். ஆனால் மிகவும் உள்ளே போய்விடாதீர்கள். 300 கிலோ எடையுள்ள ஆண் மானைக் கூறுபோட்டுப் பல நடையாக முதுகில் சுமக்க வேண்டியவர் நீங்கள்தான். தனியார் நிலம் சூழ்ந்த பொதுநிலத்துக்குச் சட்டப்படியான வழி உண்டா என்பதை, எல்லைக்கோடு காட்டும் செயலியில் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.