கடவுள் சொல்லாவிட்டாலும் திருட்டு தவறுதானா?

கேள்வி: மதம் என்ற ஒன்று இல்லாவிட்டால் மனிதன் விலங்காகிவிடுவான் என்கிறார் என் நண்பர். நன்மை தீமை அறியும் உணர்வு பிறவியிலேயே நமக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்: பெரும்பகுதி நீங்கள் சொல்வதே சரி, ஆனால் உங்கள் நண்பரின் கவலையையும் அடியோடு தள்ளிவிட முடியாது.

லாரி நூச்சி, எலியட் டூரியல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர், மதக் கட்டுப்பாடு மிகுந்த அமிஷ்-மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவுக் குடும்பங்களிலும் வைதிக யூதக் குடும்பங்களிலும் வளரும் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1993-இல் வெளிவந்தது. ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது என்று கடவுள் விதிக்காமல் இருந்திருந்தால் அன்று வேலை செய்யலாமா என்று கேட்டபோது, தாராளமாகச் செய்யலாம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். திருடக் கூடாது என்று கடவுள் விதிக்காமல் இருந்திருந்தால் என்று கேட்டபோதோ, அப்போதும் திருட்டு தவறுதான் என்றார்கள். பிறருக்கு நேரும் தீங்கையும் அநியாயத்தையுமே அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் அதைத் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று சாக்ரடீஸ் கேட்டதாக பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். பக்தியிலேயே ஊறி வளர்ந்த பிள்ளைகள்கூட அதற்கு இரண்டாவது விடையையே தருகிறார்கள் என்பது என்னை ஆழமாகத் தொட்ட செய்தி.

‘பிறவியிலேயே’ என்பதை மட்டும் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். மேடேறத் தவிக்கும் ஒரு மரப்பொம்மையை வேறொரு பொம்மை மேலே தள்ளி உதவுவதையும், இன்னொன்று கீழே தள்ளிவிடுவதையும், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளுக்கும் பத்து மாதக் குழந்தைகளுக்கும் காட்டினார்கள். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் உதவிய பொம்மையை நோக்கியே கை நீட்டின என்ற அந்த 2007-ஆம் ஆண்டு முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அண்மையில் 37 ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து, பல நூறு குழந்தைகளுக்கு இதே காட்சியைத் திரையில் காட்டியபோது, சரிபாதிக் குழந்தைகளே உதவிய பொம்மையைத் தேர்ந்தெடுத்தன. ஆகவே, கைக்குழந்தைக்கே நீதி தெரியும் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஒன்றரை வயதைப் பற்றி இன்னும் தெளிவாகப் பேசலாம். துணி உலர்த்தும் ஒருவர் கிளிப்பைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டு, எட்டாமல் கையை நீட்டினால், பாராட்டும் பரிசும் இல்லாமலேயே அந்த வயதுக் குழந்தை தளர்நடை நடந்துபோய் அதை எடுத்துக் கொடுக்கிறது. அவரே வேண்டுமென்று வீசி எறிந்தால் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடுகிறது. அதாவது, யாருக்கு உதவி தேவை என்பதை அது பகுத்தறிகிறது.

இந்த இயல்பான இரக்கத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு: அது தன்னவரைத் தாண்டி எளிதில் போவதில்லை. பத்து மாதக் குழந்தையே, வேற்றுமொழி பேசுபவரைவிடத் தன் மொழி பேசுபவர் நீட்டும் பொம்மையைத்தான் விரும்பி எடுக்கிறது. மதம் தன் பங்கைச் செய்தது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எட்டுச் சமூகங்களைச் சேர்ந்த 591 பேர் யாரும் பார்க்காத இடத்தில் பகடையை உருட்டி, விழும் நிறத்துக்கு ஏற்ப 30 நாணயங்களை இரண்டு கிண்ணங்களில் போட வேண்டியிருந்தது. ஒரு கிண்ணம் தனக்கோ தன் ஊராருக்கோ. மற்றது, முகமறியாத தொலைவூரில் வாழும், தன் மதத்தைச் சேர்ந்த ஒருவருக்கு. எவரும் தப்பாட்டம் ஆடியிருக்கலாம். ஆனால் தங்கள் கடவுள் எல்லாவற்றையும் அறிவார், தவறு செய்தால் தண்டிப்பார் என்று நம்பியவர்கள், அந்தத் தொலைவூராருக்கு மற்றவர்களைவிட நேர்மையாகப் பங்கிட்டார்கள். உங்கள் நண்பருக்கு இதில் நியாயமான ஆதாரம் இருக்கிறது. எனினும், அந்தத் தொலைவூராரும் அதே மதத்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலி தள்ளிப் போடப்பட்டதே தவிர, எடுக்கப்படவில்லை. அடிமை வணிகத்தை எதிர்த்து 1783-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்த குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரும், அதே வணிகத்தை நியாயப்படுத்தியவர்களில் பலரும் ஒரே பைபிளைத்தான் படித்தார்கள். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்துப் பார்க்க, வேதத்துக்கு வெளியே ஏதோ ஓர் அளவுகோல் குவேக்கர்களின் நெஞ்சில் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாத நான், என் மகனுக்கு எதைச் சொல்லி ஒழுக்கம் கற்பிப்பது?

பதில்: அடுத்த பிள்ளையின் பொம்மையை அவன் பிடுங்கும்போது, ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அழுகிற அந்த முகத்தை அவன் பார்க்கும்படி செய்து, அந்த அழுகைக்குத் தன் செயலே காரணம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அடியையும் மிரட்டலையும்விட இந்த முறையே குழந்தையிடம் பிறர்நலம் நாடும் குணத்தை வளர்க்கிறது என்பதை உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் தம் வாழ்நாள் ஆய்வில் வலியுறுத்தினார். நம்பிக்கை உள்ள பெற்றோருக்கும் இதையே சொல்வேன். இதோடு, உங்கள் மொழியும் மதமும் அல்லாத பிள்ளைகளோடும் அவன் விளையாடட்டும்.