மயிலைக் காளைக்கு மஞ்சள் தண்ணீர்
தாள், மை, படம்: வாசகர் கேள்விகளுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு பிரிண்ட் கடைக்காரரின் பதில்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். கொடிவேரி, பவானி ஆற்றங்கரை, வயல்வெளி என்று நீர்வண்ணத்தில் வரைந்து, ஸ்கேன் செய்து, பிரதி எடுத்து விற்கிறேன். ஆறு வருடமாக ஒரே மேட் (மினுமினுப்பு இல்லாத) காட்டன் தாள்தான். அந்தத் தாள் வருவதே நின்றுவிட்டது என்கிறார் பிரிண்ட் போட்டுத் தருபவர். மாற்றாக அவர் போட்ட தாளில் நெற்பயிர்ப் பச்சை நீலம் பூத்துத் தெரிகிறது. வெயில் விழும் இடம் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கிறது. 50 பிரதி என்று எண் போட்ட ஒரு படத்தில் 32 விற்றாகிவிட்டது. மீதியை என்ன செய்ய? எந்தத் தாள் வாங்கட்டும்?
(கோபிசெட்டிபாளையம்)

பதில்: ஐயா, பழைய தாளில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறதா? ஓரம் வெட்டிப் போட்ட ரிப்பன் இருந்தாலும் போதும். தேடி எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். மாற்றுத் தாள் தேடுகிறவர்கள் எல்லோரும் "அதே மாதிரி எது?" என்று கம்பெனிப் பெயரைத்தான் கேட்கிறார்கள். அதே மாதிரி எதுவும் கிடையாது. உங்கள் படத்துக்கு அந்தத் தாள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அது தன் வெள்ளையை உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நம் இன்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. உங்கள் படத்தில் வெயில் விழும் இடம் என்பது வெறும் தாள்தான். பழைய தாள் லேசாகப் பால் கலந்த வெள்ளையாக இருந்திருக்கும். புதிய தாளில் வெளுப்பான் கலந்திருப்பார்கள். வேட்டிக்கு நீலம் போடுகிற சமாச்சாரம்தான், ஆனால் இது வேலை செய்கிற விதம் வேறு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும். அதனால் ஜன்னல் வெளிச்சத்தில் பளீரென்று இருக்கும். புற ஊதா ஒளி அனேகமாக இல்லாத எல்இடி பல்பின் கீழே அந்தப் பளபளப்பு அடங்கிவிடும். பட்டறையில் ஒரு நிறம், வாங்கியவர் வீட்டில் வேறு நிறம் என்று வருகிற புகார்களில் பாதி இதனால்தான்.

சோதிப்பது எளிது. கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் ஊதா விளக்கு வைத்திருப்பார்கள் அல்லவா, அதன் கீழே பழைய துண்டையும் புதுத் தாளையும் பக்கத்தில் வையுங்கள். நீலமாக ஒளிர்கிறதில் வெளுப்பான் இருக்கிறது. மங்கலாகக் கிடக்கிறதில் இல்லை.

இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன், காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மயிலைக் காளைப் படம் ஒன்று (மயிலை என்றால் வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம்), 24 அங்குல அகலத்தில் போட்டுக் கொடுத்தேன். அப்போது எனக்கும் வழக்கமான தாள் கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்த நல்ல வெள்ளைத் தாளில் போட்டேன். பளிச்சென்று இருந்தது, அவர்களுக்கும் பரம சந்தோஷம். கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுப் பெரியவர் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, மயிலை மேல யாரு மஞ்சத் தண்ணி ஊத்துனது?" என்றார். சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால், மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் பழைய வெள்ளை. வெளிச்சம் பட்ட இடம் முழுக்கப் பழுப்பு. மை அப்படியே இருந்தது. வெளுப்பான்தான் வெளிச்சத்தில் செத்துப்போய், தாளின் சொந்த நிறம் வெளியே வந்துவிட்டது. வேறு தாளில் இன்னொன்று போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அந்தப் பழைய படம் இன்னும் கடையில் இருக்கிறது. வெளுப்பான் பற்றி யாராவது கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அடுத்தது மேற்பரப்பு. இருட்டறையில் செல்போன் டார்ச்சைத் தாளோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து அடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழும். பழையதும் புதியதும் எவ்வளவு சொரசொரப்பு என்று அப்போதுதான் தெரியும், விரல் ஏமாற்றிவிடும்.

கனம் பார்க்க ஒரு வழி. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சரியாக ஒரு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசில் வையுங்கள். வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. 3.1 கிராம் என்றால் 310. அட்டைப்பெட்டி தொலைந்துபோன தாளுக்கெல்லாம் நான் இதைத்தான் செய்கிறேன். தெரிந்த நகைக்கடையில் இப்போது என்னைப் பார்த்தாலே தராசை முன்னால் நகர்த்துகிறார்கள்.

சரி, பெயர்களுக்கு வருவோம். நீர்வண்ணப் பிரதிக்கு நான் முதலில் எடுப்பது ஹானமூலேயின் வில்லியம் டர்னர் 310. முழுக்கப் பருத்தி, வெளுப்பான் இல்லை, நீர்வண்ணத் தாள் போலவே சொரசொரப்பு. 1584-லிருந்து தாள் செய்கிற ஜெர்மன் ஆலை அது. உங்கள் பழைய தாள் வழவழப்பாக இருந்திருந்தால் கான்சனின் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310 பாருங்கள். அதுவும் பருத்தி, அதிலும் வெளுப்பான் கிடையாது. ஹானமூலே ஃபோட்டோ ராக் 308-ஐத்தான் எல்லோரும் சொல்வார்கள். அருமையான தாள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் வெளுப்பான் உண்டு, ஆகவே உங்களுக்கு அது என் முதல் தேர்வு இல்லை. இன்னும் வெதுவெதுப்பான நிறம் வேண்டுமென்றால் அதே ஆலையின் பாம்பூ 290 இருக்கிறது: 90 சதவீதம் மூங்கில், 10 சதவீதம் பருத்தி. பழைய பவானிக் கரை, சாயங்கால வெயில் மாதிரிப் படங்களுக்கு அது தனி அழகு. நெற்பயிர்ப் பச்சைக்கு மட்டும் யோசித்துப் போடுங்கள்.

கறுப்பு நன்றாக இறங்கும் என்று யாராவது பரைட்டா என்கிற ஃபோட்டோத் தாளைக் காட்டுவார்கள். உண்மைதான், மேட் தாளைவிடக் கறுப்பு ஆழமாக வரும். ஆனால் அதற்கு மேட் கறுப்பு மை ஆகாது, ஃபோட்டோ கறுப்பு மை வேண்டும். மினுமினுப்பும் இருக்கும். நீர்வண்ணத்துக்கு மேல் கண்ணாடி போட்டாற்போல் ஆகிவிடும். வேண்டாம்.

இதில் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. பிரிண்ட் போடுகிறவரிடம் மெதுவாகக் கேளுங்கள்: "தாளை மாத்துனீங்க, புரொஃபைலையும் மாத்துனீங்களா?" ஐசிசி புரொஃபைல் என்பது இந்தப் பிரிண்டர், இந்த மை, இந்தத் தாள் என்று மூன்றுக்கும் சேர்த்து எழுதிய ஜாதகம். பழைய தாளின் ஜாதகத்தைப் புதுத் தாளுக்குப் பொருத்தினால் பச்சை நீலம் பூக்காமல் என்ன செய்யும்? உங்கள் கோளாறில் பாதி இதுவாகவே இருக்கலாம். தாள் கம்பெனிகள் தங்கள் தளத்தில் பிரிண்டர் வாரியாகப் புரொஃபைல் இலவசமாகவே வைத்திருக்கின்றன. அதோடு சொல்லியிருக்கும் மீடியா வகையையும் டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) அப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு மை இறங்குவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

அப்புறம் சோதனை. ஒவ்வொன்றிலும் ஏ4 அளவில் இரண்டு தாள் போதும். பல கம்பெனிகள் மாதிரிக் கட்டு விற்கின்றன. கணினியோடு வரும் பூங்கொத்துப் படத்தைப் போடாதீர்கள். அது எந்தத் தாளிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்களை மிகவும் படுத்திய படத்தைப் போடுங்கள். நான் போடுவது ஒரு மயிலைக் காளை. அதன் திமிலில் வெள்ளையிலிருந்து கரும்சாம்பல் வரை ஏறுகிற நிறத்தில் எந்தச் சாயமும் இருக்கக் கூடாது. தாளோ புரொஃபைலோ சரியில்லை என்றால் திமிலில் முதலில் பச்சையோ சிவப்போ எட்டிப் பார்க்கும். செவலைக் காளையில் இது தெரியாது, எல்லாவற்றையும் மறைத்துவிடும். படத்துக்குக் கீழே ஆர்ஜிபி எண்ணில் 0, 5, 10, 15, 20 என்று 30 வரை (0 என்றால் முழுக் கறுப்பு) கறுப்புக் கட்டங்கள் ஒரு வரிசை சேருங்கள். எந்தக் கட்டத்தில் இரண்டு கறுப்புகள் பிரிந்து தெரிகின்றன என்று பாருங்கள். மிஷினிலிருந்து வந்த சூட்டோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஒரு நாள் காயட்டும். பிறகு பழைய பிரதியோடு வைத்து, பகலில் ஜன்னலோரம் ஒரு தடவை, ராத்திரி பல்பு வெளிச்சத்தில் ஒரு தடவை.

மீதி 18 பிரதிக்கு: பதினெட்டையும் புதுத் தாளில் போடலாம், மறைக்கக் கூடாது. 33-ஆம் பிரதியிலிருந்து தாள் மாறியிருக்கிறது என்று சான்றிதழிலேயே தாளின் பெயரோடு எழுதிக் கொடுங்கள். 32 வாங்கியவர்களில் ஒருவர் 40-ஆம் எண்ணைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து நிற்பதைவிட அது மேல்.

கேள்வி: ராக் என்றால் கந்தல் துணிதானே? பனியன் வேஸ்ட்டில் செய்த கைத்தாள் இங்கே கிடைக்கிறது. அதில் இன்க்ஜெட் அடிக்கலாமா?
(திருப்பூர்)

பதில்: தம்பி, பெயர் அப்படித்தான் வந்தது. இப்போது பெரும்பாலும் கந்தல் இல்லை, லிண்டர். மாட்டுக்கு ஆட்டப் பருத்திக்கொட்டையை அள்ளும்போது கொட்டையோடு ஒட்டிக்கொண்டு குட்டிப் பஞ்சு இருக்கும், பார்த்திருப்பீர்கள். நூலுக்கு ஆகாத நீளம், தாளுக்கு அதுதான் தங்கம். பனியன் துணியும் பருத்திதான், தாள் வலுவாகவே இருக்கும். ஆனால் இன்க்ஜெட் தாளுக்கு மேலே ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். மையை மேலேயே பிடித்து நிறுத்துவது அதுதான். கைத்தாளில் அது இல்லாததால் மை உள்ளே இறங்கி, கோடு மயிர் விட்டு, நிறம் துவைத்த சட்டை போல் வெளிறும். உதிரும் பஞ்சு, மை தெளிக்கிற ஹெட்டையும் அடைக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங் போடுங்கள், பிரமாதமாக வரும்.

கேள்வி: நம் பக்கத்திலேயே புகளூர், பள்ளிபாளையம் என்று பெரிய தாள் ஆலைகள் இருக்கும்போது ஜெர்மன் தாள் எதற்கு?
(கரூர்)

பதில்: உங்கள் ஊர் ஆலை கரும்புச் சக்கையைக் கூழாக்கி நோட்டுக்கும் புத்தகத்துக்கும் தாள் செய்கிறது. அந்த வேலையில் அதைக் குறை சொல்ல முடியாது, என் கடை பில் புத்தகமே அதில்தான். இது வேறு தொழில்.

கேள்வி: பிரிண்ட் நன்றாக வந்து, இரண்டு நாளில் கறுப்பான இடங்களில் வெள்ளைப் புள்ளிகள். மழைக்காலத்தில் தாளின் மூலை தூக்கி ஹெட் உரசுகிறது.
(பொள்ளாச்சி)

பதில்: அம்மணி, புள்ளி மையின் கோளாறு இல்லை. வெட்டும்போது பருத்தித் தூளும் பூச்சுத் துகளும் தாளின் மேல் உட்கார்ந்துவிடும். அதன் மேல் மை விழும். அப்புறம் துகள் உதிர, அடியில் வெள்ளை தெரியும். அடிப்பதற்கு முன் தாளைச் சாய்த்துப் பிடித்து, மெத்தென்ற அகலப் பிரஷ்ஷால் ஒரே திசையில் இரண்டு தடவை தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் பூச்சு போச்சு.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி ஆவணியில் வருகிற ஈரக்காற்று உங்கள் ஊருக்குத்தான் முதலில். பருத்தித் தாள் அதை அப்படியே குடிக்கும். தாளை உறையிலேயே படுக்கையாக வையுங்கள், தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள். மூலை தூக்கினால் எதிர்ப்பக்கம் லேசாகச் சுருட்டி நேராக்கி, டிரைவரில் பிளாட்டன் இடைவெளியை (ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவில் உள்ளது) அகலமாக்குங்கள். பரணில் மட்டும் வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சிக்குப் பருத்தித் தாள் என்றால் கல்யாணச் சாப்பாடு.

கேள்வி: எந்தப் பக்கம் அச்சுப் பக்கம் என்று தெரியவில்லை. இரண்டும் வெள்ளையாகவே இருக்கிறது.
(தாராபுரம்)

பதில்: விரலை லேசாக நனைத்து மூலையில் இரண்டு பக்கமும் தொடுங்கள். ஒட்டிக்கொண்டு பிடிக்கிற பக்கம் பூச்சுப் பக்கம். நடுவில் தொட்டுவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.